வீக்கெண்ட்ல பைத்தான், டேட்டா சயின்ஸ் சொல்லிக் குடுக்கப் போறீங்களா? ரன் அமுக்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியும் டேட்டா சயின்ஸும் சொல்லிக் குடுக்கப் போன மொத நாள் நான் பண்ண கூத்தச் சொல்லிட்டே ஆரம்பிக்கறேன். மும்பை தாராவில 90 ஃபீட் ரோட்டுக்கு உள்ள ஒரு சின்ன ஹால், மேல தகர ஷீட், ஒரே ஒரு ஃபேன், பதினாலு பசங்க. எல்லாரும் பி.காம், பி.எஸ்சி படிக்கறவங்க. வீட்ல தமிழ், தெருவுல ஹிந்தி, காலேஜ்ல இங்கிலீஷ். நான் எட்டு வருஷமா டேட்டா அனாலிஸ்ட், தெனம் பண்ற வேலைதானே, சொல்லிக் குடுக்கறதுக்கு என்ன இருக்குன்னு அறுபது ஸ்லைடு எடுத்துட்டுப் போயி வேரியபிள்ல ஆரம்பிச்சு நியூரல் நெட்வொர்க் வரைக்கும் ரெண்டு மணி நேரத்துல ஓட்டிட்டேன். புரிஞ்சுதான்னு கேட்டா பதினாலு தலையும் ஆடுச்சு. கடைசில "சரி, நம்ம ரயில் லைன்ல அஞ்சு ஸ்டேஷன் பேர ஒரு லிஸ்ட்டாப் போடுங்க"ன்னேன், ஒருத்தர் கையும் கீபோர்டு பக்கம் போகல. வெளிய வரும்போது ஒரு பொண்ணு மட்டும், "அண்ணே, நீங்க டைப் பண்றது பாக்க சூப்பரா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் போச்சு. பரோட்டா மாஸ்டர் வீசறத வேடிக்கை பாத்துட்டு வர்ற மாதிரி பாத்துட்டுப் போயிருக்காங்க, அவ்வளவுதான்.

அந்த ரெண்டு மணி நேரமும் அவங்க மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க ஒரு கேள்வி கூட நான் கேக்கல. அப்புறம் மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை கிளாஸ் எடுக்கறேன், கத்துக்கிட்டதெல்லாம் அதத் தெரிஞ்சுக்கற வித்தைதான். புதுசா சொல்லிக் குடுக்க வர்றவங்களுக்காக வரிசையா எழுதறேன்.

மொத நாளுக்கு முன்னாடி

"பைத்தான் தெரியுமா"ன்னு கேக்காதீங்க. தெரியும்னு சொல்றவனுக்கு பாதி தெரியாது, தெரியாதுன்னு கூச்சப்படறவளுக்கு எக்ஸெல்ல பிவட் டேபிளே தண்ணி பட்ட பாடா இருக்கும். ஒரு பேப்பர் குடுத்து மூணு சின்ன கணக்கு போடச் சொல்லுங்க, பென்சில்ல, பேர் எழுத வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுலயே யாரு எங்க நிக்கறாங்கன்னு தெரிஞ்சிடும்.

லேப்டாப் எத்தன பேர் கிட்ட இருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. எங்க கிளாஸ்ல பதினாலு பேருக்கு ஆறு. பிரவுசர்லயே பைத்தான் எழுதி ஓட்டற கூகுள் கோலாப் ஃபோன்லயும் ஓடும், ஆனா பிராக்கெட்டும் கோட்ஸும் (மேற்கோள் குறி) ஃபோன்ல டைப் பண்றதுக்குள்ள உயிர் போயிடும். அதனால ஒரு லேப்டாப்புக்கு ரெண்டு பேர், சில இடத்துல மூணு பேர். ஒருத்தர் டைப் பண்ணணும், மத்தவங்க வாய்ல சொல்லணும், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மாறிக்கணும். இதுல ஒரு தந்திரம் இருக்கு, கீபோர்ட மொதல்ல தெரியாதவன் கைல குடுங்க. தெரிஞ்சவன் கைக்குப் போச்சுன்னா கிளாஸ் முடியற வரைக்கும் திரும்பி வராது.

மொத நாள் எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க, சத்தியமா சொல்றேன். இன்ஸ்டால் பண்றதுலயே ஒரு முழு ஞாயித்துக்கிழமைய விட்டவன் நான், 4 ஜிபி ராம் மெஷின்ல பாதி ஓடறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. கோலாப்ல பிரவுசர் போதும், ஆனா கூகுள் அக்கவுண்ட் வேணும், அங்கதான் வில்லங்கம். பாதிப் பேருக்கு பாஸ்வேர்டு மறந்திருக்கும், ஓடிபி அப்பா ஃபோனுக்குப் போகும், அப்பா வேலைக்குப் போயிருப்பாரு. அதனால முந்தின நாளே வாட்ஸாப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டு, எல்லாரும் லாகின் பண்ணி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்க.

ஒரு வரியில எத்தன புதுசு இருக்குன்னு எண்ணுங்க

தெரிஞ்சவங்களுக்கு ஒரு வியாதி உண்டு, தனக்கு ஒண்ணாத் தெரியறது அடுத்தவனுக்கு ஆறாத் தெரியும்ங்கறதே மறந்துபோயிடும். பைத்தான்ல டேபிள் டேட்டாவுக்குன்னே இருக்கற பாண்டாஸ் லைப்ரரில ஒரு சிஎஸ்வி ஃபைலப் (கமா போட்டுப் பிரிச்ச டேபிள்) படிக்கற வரிய எடுத்துக்கோங்க, நமக்கு அது கண்ண மூடிக்கிட்டு அடிக்கற வரி. புதுசா பாக்கறவனுக்கு இம்போர்ட்னா என்ன, அதுக்கு ஏன் பிடின்னு செல்லப்பேரு, நடுவுல அந்தப் புள்ளி எதுக்கு, பிராக்கெட் எதுக்கு, ஃபைல் பேருக்கு மட்டும் ஏன் கோட்ஸ், இடது பக்கம் ஒரு பேர வச்சு ஏன் சமம் போடறோம். எண்ணிப் பாருங்க, ஆறு.

புதுசா வர்ற விஷயத்த ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வச்சுக்கற இடம் ரொம்பக் குறுகல். ஆஸ்திரேலியால மனோதத்துவ ஆராய்ச்சியாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-ல இருந்து இந்தச் சுமையப் பத்திதான் எழுதினாரு, நெல்சன் கோவன் 2001-ல எழுதும்போது சுமார் நாலுதான் நிக்கும்னாரு. ஆறு வந்தா ரெண்டு கீழ விழும், அது எந்த ரெண்டுன்னு உங்களுக்குத் தெரியாது. எட்டரை மணி குர்லா லோக்கல் ட்ரெயின் கூட்டம் மாதிரி, புதுசா ஒருத்தர் ஏறினா உள்ள இருக்கறவர் இறங்கியே ஆகணும். அதனால நான் ஒரு கிளாஸுக்கு மூணு புது விஷயம்னு வச்சுக்கறேன். மிச்சத்த முன்னாடியே டைப் பண்ணி வச்சுட்டு, "இந்த ரெண்டு வரி இன்னிக்கு மந்திரம், அடுத்த வாரம் பிரிச்சுப் பாக்கலாம்"னு சொல்லிடுவேன். மந்திரம்னு ஒத்துக்கிட்டாப் போதும், யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

ஸ்லைட மூடிட்டு கண்ணு முன்னாடி டைப் பண்ணுங்க

ஸ்லைடுல புரோகிராம் கோடு பளிச்சுன்னு இருக்கும், நிமிஷத்துல முப்பது வரி ஓடிடும். கைல டைப் பண்ணா உங்க வேகம் தானாக் குறையும், அவங்களும் கூடவே டைப் பண்ண முடியும். டைப் பண்றதோட வாயாலயும் சொல்லுங்க, "இப்ப ஒரு பிராக்கெட் தொறக்கறேன், மறக்காம இப்பவே மூடிடறேன்"ங்கற மாதிரி. எழுத்துச் சைஸப் பெருசாக்கிட்டு கடைசி பெஞ்சுல போயி ஒரு தடவ உக்காந்து பாருங்க.

தப்பு வரும், வரட்டும். என் கிளாஸ்ல அவங்க அதிகமா கத்துக்கிட்டதெல்லாம் நான் சொதப்பின இடத்துலதான். செவப்பா எரர் வந்ததும் பசங்க மொகம் சுண்டிப்போகும், ஏதோ மெஷினையே உடச்சுட்ட மாதிரி. அப்பப் பதறாம, "கடைசி வரியில இருந்து படிப்போம்"னு சத்தமாப் படிங்க, பைத்தான்ல என்ன தப்புங்கறது பெரும்பாலும் கடைசி வரியிலதான் இருக்கும், எந்த வரியிலங்கறது அதுக்குக் கொஞ்சம் மேல. நாலு வாரம் இப்படிப் படிச்சுக் காட்டினீங்கன்னா அஞ்சாவது வாரம் அவங்களே படிப்பாங்க.

ரெண்டு கலர் ஸ்டிக்கி நோட் வாங்கிட்டு வாங்க, பச்சை ஒண்ணு, பிங்க் ஒண்ணு. முடிச்சவங்க லேப்டாப் மேல பச்சை ஒட்டணும், மாட்டிக்கிட்டவங்க பிங்க். இது என் கண்டுபிடிப்பு இல்ல, 1998-ல கிரெக் வில்சனும் அவர் கூட்டாளியும் ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி, இப்ப கார்பென்ட்ரீஸ்ங்கற அமைப்புல ஒரு பகுதி, விஞ்ஞானிகளுக்கு கம்ப்யூட்டிங் சொல்லிக் குடுக்கறவங்க, அவங்க ஒர்க்‌ஷாப்ல பண்றது. கை தூக்கச் சொன்னா நம்ம பொண்ணுங்க தூக்கவே மாட்டாங்க, தூக்கினாலும் ஒரு கை மேல இருந்தா டைப் பண்ண முடியாது. பிங்க் ஒட்டிட்டு அவங்க பாட்டுக்கு முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கலாம், நமக்கும் ஒரு பார்வைல ஹால் நிலவரம் தெரியும்.

ரன் பட்டனுக்கு முன்னாடி வாய விட்டுச் சொல்ல வைங்க

இந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துட்டுப் போவேன்னா இத எடுத்துட்டுப் போங்க. எந்தக் கோடா இருந்தாலும் ரன் பண்றதுக்கு முன்னாடி "என்ன வரும்"னு கேளுங்க, பதில எழுத வச்சதுக்கு அப்புறம்தான் ரன்.

போர்டுல மூணு வரி போடுவேன். ஏ = 5. பி = ஏ. ஏ = 7. இப்ப பி எவ்வளவு? மொத தடவ கேட்டப்போ பாதிக் கிளாஸ் 7-ன்னு சொல்லுச்சு. பைத்தான் சொல்றது 5. இந்த 7 முட்டாள்தனமான பதில் கிடையாது, ஸ்கூல் கணக்குல பி = ஏ-ன்னா ரெண்டும் எப்பவும் சமம்தானே, அந்தப் படத்தோடதான் வந்திருக்காங்க. இது தெரியாம நான் மேல மேல ஏத்திக்கிட்டே போயிருந்தா எல்லாம் அந்தக் கோணல் அஸ்திவாரத்து மேலதான் நின்னிருக்கும்.

இங்க நானே விதைச்ச ஒரு தப்பையும் சொல்லணும். மும்பை ஆச்சே, டப்பாவாலா ஊராச்சேன்னு, "வேரியபிள்னா ஒரு டப்பா, அதுக்குள்ள ஒரு மதிப்பு"ன்னு ரொம்ப ஜோரா சொல்லிக் குடுத்தேன். நம்பர் வரைக்கும் டப்பா ஓடுச்சு. லிஸ்ட் வந்ததும் கவுந்துடுச்சு. ஏ-ன்னு ஒரு லிஸ்ட், பி = ஏ, அப்புறம் ஏ-ல ஒரு ஸ்டேஷனச் சேத்தா பி-லயும் அது வந்து நிக்குது, ரெண்டு தனி டப்பான்னா எப்படி வரும்? இப்பல்லாம் டப்பான்னு சொல்றதில்ல, சாமான் மேல ஒட்டற சீட்டுன்னு சொல்றேன். ஒரு பாத்திரத்துக்கு ரெண்டு சீட்டு ஒட்டலாம், எந்தச் சீட்டப் பாத்து எடுத்தாலும் பாத்திரம் ஒண்ணுதான். ஏ = 7-ன்னா சீட்டப் பிச்சு வேற பாத்திரத்துல ஒட்டறோம், பி சீட்டு பழைய இடத்துலயே இருக்கு. உவமை சொல்றதுக்கு முன்னாடி அது எந்த இடத்துல உடையும்னு யோசிச்சுட்டுச் சொல்லுங்க.

கேள்விக்கு ஆப்ஷன் குடுக்கறதா இருந்தா ஒவ்வொரு தப்பு ஆப்ஷனுக்குப் பின்னாடியும் ஒரு நிஜமான குழப்பம் இருக்கணும், சும்மா இடம் நிரப்ப வேணாம். குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர், பரேல்னு ஒரு லிஸ்ட், அதுல பிராக்கெட்டுக்குள்ள 1 போட்டுக் கேட்டா எது வரும்? குர்லான்னு சொன்னா எண்ணிக்கை பூஜ்யத்துல ஆரம்பிக்கறது தெரியல. எரர்னு சொன்னா அந்தக் குறியீடே புரியல. சயான்னு சொன்னா சரி. கோட்ஸுக்குள்ள இருக்கற 5-யும் கோட்ஸுக்குள்ள இருக்கற 3-யும் கூட்டினா என்ன? 53. இதக் கேட்டுட்டு ஹால்ல வர்ற சிரிப்ப நீங்க பாக்கணும்.

ஹார்வர்டுல ஃபிசிக்ஸ் எடுக்கற எரிக் மாசுர் 1990கள்லயே இத ஒரு முறையாவே ஆக்கிட்டாரு. மொதல்ல தனியா ஓட்டுப் போடணும், அப்புறம் பக்கத்துல இருக்கறவங்கள ஒத்துக்க வைக்கப் பேசணும், அப்புறம் மறுபடி ஓட்டு. எல்லாருமே சரியாச் சொன்னா அந்தக் கேள்விக்கு மேல நேரம் செலவழிக்காதீங்க. பாதிக்குப் பாதி பிரிஞ்சா கொண்டாட்டம், வாய மூடிட்டு சண்டைய வேடிக்கை பாருங்க. நாம பத்து நிமிஷம் விளக்கறத விட நேத்து புரிஞ்சுக்கிட்ட பையன் ஒரு நிமிஷத்துல நல்லா விளக்குவான், ஏன்னா எங்க இடிச்சுதுன்னு அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

வெத்து ஸ்கிரீன்ல விடாதீங்க

"இப்ப நீங்களே எழுதுங்க"ன்னு வெத்து ஸ்கிரீன் முன்னாடி உக்கார வைக்கறது நீச்சல் தெரியாதவன கிணத்துல தள்றது மாதிரி. மொதல்ல முழுசா ஒண்ணு காட்டுங்க, அடுத்ததுல ரெண்டு இடத்த வெறுமனே விட்டு நிரப்பச் சொல்லுங்க, அதுக்கப்புறம் வரிகளக் கலைச்சுக் குடுத்து அடுக்கச் சொல்லுங்க. இந்தக் கலைச்ச வரி புதிர நியூசிலாந்துல டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன்னு ரெண்டு பேரு 2006-ல கொண்டு வந்தாங்க, அதனால பார்சன்ஸ் பிராப்ளம்னே பேரு. லேப்டாப் இல்லாத கிளாஸுக்கு இது வரப்பிரசாதம். ஒரு வரிய ஒரு பேப்பர் பட்டையா வெட்டி தரைல போட்டா பசங்க சுத்தி உக்காந்து அடுக்குவாங்க. லூப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடற பகுதிக்கு, உள்ள வர வேண்டிய வரிய கையால நாலு விரக்கடை வலது பக்கம் தள்ளி வைக்கணும், இன்டென்டேஷன்ங்கறது அப்பதான் கைக்கே புரியும்.

பேர் வைக்கறதுல ஒரு சின்ன யுக்தி. எது பைத்தானோட வார்த்தை, எது நாம வச்ச பேருன்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது, எல்லாமே இங்கிலீஷ்தானே. அதனால நம்ம பேர் எல்லாத்தையும் தமிழ் வார்த்தையா வைங்க, விலை, கூட்டல், நாள்னு. பைத்தான் 3-ல தமிழ் எழுத்துலயே வேரியபிள் பேர் வைக்கலாம், ஓடும். ஆனா இங்க பாதிப் பசங்களுக்கு தமிழ் பேசத் தெரியும், படிக்க வராது, ஹிந்தி மீடியம் இல்லன்னா இங்கிலீஷ் மீடியம்ல படிச்சவங்க. அவங்களுக்கு அதே வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா வேலை முடிஞ்சுது. மூணு நாலு வாரம் கழிச்சு ஆபீஸ்ல வைக்கற மாதிரி பேருக்கு மாறிடுங்க. தமிழ்லயே கேட்டுப் பழகணும்னு ஆசைப்படறவங்களுக்கு, நம்ம பவாய் ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ் குரல்லயும் பாடங்க இருக்கு, இலவசம்.

டேட்டா அவங்க வீட்ல இருந்து வரட்டும்

ஊர் உலகமே ஐரிஸ் பூ டேட்டாலதான் ஆரம்பிக்கும், ரொனால்ட் ஃபிஷர் 1936-ல எழுதின கட்டுரைல வந்த 150 பூ. நானும் அதுலதான் ஆரம்பிச்சேன். "ஐரிஸ்னா கண்ணுக்குள்ள இருக்குமே அதாண்ணே?"ன்னான் ஒருத்தன். பூவையே பாக்காதவன் இதழ் நீளத்துல வித்தியாசம் வந்தா எப்படி சந்தேகப்படுவான்? விடை தப்பா வந்தா மூக்குல வேர்க்கணும், அதுக்கு டேட்டா தெரிஞ்ச டேட்டாவா இருக்கணும்.

எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணோட அம்மா இட்லி வியாபாரம். தாராவில இருந்து விடியக்காலைல பாத்திரத்தோட இட்லி கிளம்பிப் போறது மும்பைக்கே தெரியும். அவங்க கிட்ட கேட்டு, பேரு ஃபோன் நம்பர் எதுவும் இல்லாம, கணக்கு நோட்டுல ஒரு வாரத்த மட்டும் எழுதிட்டு வரச் சொன்னேன். திங்கள் 320, செவ்வாய் 300, புதன் 310, வியாழன் ஒண்ணும் எழுதல, வெள்ளி 290, சனி 330, ஞாயிறு 450.

சராசரி எவ்வளவு? ஒரு குரூப் 333, இன்னொரு குரூப் 286. மொத்தம் 2000 இட்லி, மொத குரூப் வியாழன காலியாவே விட்டாங்க, பாண்டாஸ் காலி இடத்தக் கணக்குலயே சேத்துக்காம ஆறால வகுத்துடும். ரெண்டாவது குரூப் அதுல பூஜ்யம் போட்டாங்க, ஏழால வகுத்துது. எது சரின்னு சண்டை, நான் சொல்லல, "அம்மாவக் கேட்டுட்டு வா"ன்னேன். அம்மா அடுத்த வாரம் தானே வந்துட்டாங்க. "தம்பி, அன்னைக்கு மாவு புளிக்கவே இல்ல, நான் போகவே இல்ல. நாளைக்கு எவ்வளவு மாவு ஆட்டணும்னா வியாழக்கெழமையச் சேக்காதீய. மாசத்துக்கு வாடகைக்குத் தேறுமான்னு பாக்கணும்னா சேத்துக்கிடுங்க"ன்னாங்க. மிஸ்ஸிங் வேல்யூ பத்தி இத விடத் தெளிவா ஆபீஸ்ல கூட யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. அப்புறம் ஞாயித்துக்கெழம 450 சராசரிய மேல இழுக்குதுன்னு பேச்சு வந்து மீடியன், அதாவது வரிசைப்படுத்தினா நடுவுல வர்றது, பாத்தா 315, சாதா நாளுக்கு மாவு போட அதுதான் கிட்டத்துல வருதுன்னு அவங்களே தலையாட்டினாங்க.

அதுக்கு அடுத்த கிளாஸுக்கு மழை. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸ்ல 24 மணி நேரத்துல 944 மில்லிமீட்டர், அதே நேரத்துல கொலாபால சுமார் 74. மும்பைல அன்னைக்கு எவ்வளவு மழைன்னு கேட்டா ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி 509-ன்னு பசங்க டக்குனு சொல்லிடுவாங்க. இந்த 509 இதுல எந்த இடத்துல பெஞ்சுது? ரெண்டுலயுமே பெய்யல. அன்னைக்கு நெஞ்சளவு தண்ணில நடந்து வந்த கதைய ஒவ்வொரு வீட்லயும் அப்பா அம்மா சொல்லியிருப்பாங்க, அதனால அந்த 509 அவங்கள உறுத்தும். உறுத்தினதும் "கணக்குக்கு முன்னாடி படம் போடுங்க"ன்னு சொல்லலாம். புள்ளியியல்காரர் அன்ஸ்கோம் 1973-ல போட்ட நாலு சின்ன டேட்டாவ அப்பக் காட்டுங்க, நாலுக்கும் ஒய் சராசரி 7.5, கோரிலேஷன் (எக்ஸும் ஒய்யும் எவ்வளவு சேந்து நகருதுங்கறது) 0.816, வரைஞ்சு பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது.

தேதியையும் ஒரு நாள் தொடுங்க. 03/04-ன்னு இருந்தா நமக்கு ஏப்ரல் மூணு, பாண்டாஸ் அது பாட்டுக்கு மார்ச் நாலுன்னு எடுத்துக்கும், சொன்னாத்தான் மாத்தும்.

சில்லறை விஷயங்க, ஆனா விட்டா கெட்டுப்போகும்

"ரொம்ப ஈஸி", "ஒரே ஒரு லைன்தான்" இந்த ரெண்டையும் சொல்லாதீங்க. நான் படிச்ச காலத்துல ஒரு இன்ஸ்டிடியூட்ல கை நிறைய ஃபீஸ் வாங்கிட்டு அந்த சார் வரிக்கு வரி சிம்பிள் சிம்பிள்னு சொல்வாரு, எனக்குப் புரியலன்னா நான்தான் மக்குன்னு நெனச்சு வாயே தொறக்கல, மூணு மாசம் போச்சு.

மவுஸ அவங்க கைல இருந்து பிடுங்காதீங்க. எனக்கு இன்னும் கை அரிக்கும், அதனால கையப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் நடக்கறேன்.

சாட்ஜிபிடில இருந்து அடிச்சுட்டு வர்றாங்களேன்னு கேப்பீங்க. நான் தடுக்கறதில்ல. கொண்டு வந்த கோட ஒவ்வொரு வரியாக் காட்டி, ரன் பண்றதுக்கு முன்னாடி என்ன வரும்னு சொல்லணும், அப்புறம் நான் சொல்ற ஒரு இடத்த மாத்திக் காட்டணும். ரெண்டு வாரத்துலயே தெரியாத வரியக் கொண்டு வர்றது குறைஞ்சுடுச்சு.

அடுத்த வாரம் கிளாஸ் ஆரம்பிக்கும்போது போன வாரத்த நீங்க ஞாபகப்படுத்தாதீங்க. வெள்ளைப் பேப்பர், அஞ்சு நிமிஷம், நோட்டு பாக்காம ஞாபகம் இருக்கறத எழுதணும், மார்க் கிடையாது. மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல பண்ண சோதனைல, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ திருப்பித் திருப்பிப் படிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா பாக்காம எழுதிப் பாத்தவங்க முன்னாடி. நமக்கு வாரத்துக்கு ஒரு கிளாஸ்தானே, அப்ப எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அந்தப் பேப்பர வாங்கிட்டுப் போயி லோக்கல்ல உக்கார எடம் கெடச்சா படிங்க, அடுத்த கிளாஸுக்கு கேள்வி அதுலயே இருக்கும்.

மாசத்துக்கு ஒரு தடவ ஃப்ரெண்டு யாரையாவது பின்னாடி உக்கார வச்சு நீங்க எவ்வளவு நேரம் பேசறீங்க, பசங்க எவ்வளவு நேரம் பேசறாங்கன்னு ஃபோன்ல டைமர் போடச் சொல்லுங்க. என்னோடத மொத தடவ பாத்தப்போ ஒரு மணி நேரத்துல ஐம்பத்திரண்டு நிமிஷம் நான்தான். இப்ப முப்பதுக்குக் கொண்டு வந்திருக்கேன், அதுக்கே தொண்டை வத்திப்போகுது.

கைல எடுத்துட்டுப் போக வேண்டியது: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டு, ஸ்டிக்கி நோட், கத்திரிக்கோல், டேட்டா ஃபைல் எல்லாம் போட்ட ஒரு பென் டிரைவ், நெட் போச்சுன்னா ஓட்ட பைத்தான் போட்ட ஒரு லேப்டாப். கிளாஸ் நேரம் வைக்கும்போது தண்டவாள வேலைக்காக ட்ரெயின நிறுத்தற ஞாயித்துக்கிழமை மெகா பிளாக் எந்த லைன்லன்னு சனிக்கிழமையே பாத்துடுங்க, இல்லன்னா கல்யாண்ல இருந்து வர்ற புள்ள மூணாவது விஷயம் ஓடும்போதுதான் உள்ள வரும்.